உப்பு மலையும் பிலோமி கல்யாணமும்

உவர்மேட்டுக்காரங்கள யாராச்சும் முட்டாப்பயலுகன்னு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும். அவங்க முட்டாளுங்க கிடையாது. சொன்னதச் சொன்னபடி செய்யுத சனம், அவ்வளவுதான். ‘இங்கன செத்த நில்லும், இந்தா வந்துருதேன்’னு சொல்லிட்டு நீங்க ரயிலேறி பம்பாய்க்குப் போயிட்டியன்னு வைங்க. உவர்மேட்டுக்காரன் சோறு தண்ணிய அங்கனயே கொண்டாரச் சொல்லித் தின்னுக்கிட்டு நிப்பான். நீங்க திரும்பி வந்ததும், ‘போன காரியம் நல்லா முடிஞ்சுதா?’ன்னு மரியாதையாத்தான் கேப்பான்.

ஊருக்கு ஒரு பக்கம் கடலு, மூணு பக்கம் உப்பளம். நடுவுல பெரிய மாதா கோயில். நானூறு வருஷத்துக் கோயில், மறைமாவட்டத்துக்கே தலைக்கோயில். தூணக் கட்டிப்பிடிக்க மூணு ஆள் வேணும். கோபுரம் இருபது மைல் தள்ளி வர்ற கப்பலுக்குத் தெரியும். கப்பல்காரன் அதப் பாத்துத்தான் தள்ளிப் போயிருவான்னு பக்கத்து ஊர்க்காரங்க சொல்லுவாங்க. அது பொறாமை.

கோயிலுக்கு ஒரு கமிட்டி உண்டு. தலைவர் கஸ்பார். பேசுததுக்கு முன்னால மூணு தடவை தொண்டையச் செருமுவாரு. க்ஹும், க்ஹும், க்ஹும். மூணாவது செருமலுக்கு அப்புறம் வர்றது எதுவா இருந்தாலும் அது ஊர்த் தீர்மானம். அடுத்தது லெயோன், உப்பளத்துல கங்காணி. வானத்துல ஒரு காக்கா கறுப்பாப் பறந்தாக்கூட மேகம்னு நினைச்சு உப்ப மூட ஓடுத ஆளு. அப்புறம் கித்தேரி அக்கா. ஊர்ல யாருக்கு என்ன நோவுன்னு நோவுக்காரனுக்கு முந்தியே தெரிஞ்சு வச்சிருப்பா. நாலாவது ஆளு கோயில்பிள்ளை தொம்மந்திரை. மணியடிக்கது, மெழுகுவத்தி ஏத்துதது, கூட்டுதது எல்லாம் அவருதான். இந்தக் கதையில வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு அலையப் போறதும் அவருதான்.

ஏன்னா அவரு மக பிலோமிக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை கிளாட்வின் கப்பல்ல வேலை பாக்கான். ரெண்டு தடவை தேதி வச்சுத் தள்ளிப்போச்சு. முதல் தடவை அவனுக்கு லீவு கிடைக்கல. ரெண்டாவது தடவை லீவு கிடைச்சுது, கப்பல் நடுக்கடல்ல நின்னுபோச்சு. மூணாவது தேதி, பாஸ்கு, அதான் ஈஸ்டர், முடிஞ்ச திங்கக்கிழமை காலைல பதினோரு மணி. அன்னைக்குச் சாயங்காலமே அவன் ரயிலேறணும், மறுபடி கப்பல். போனா ரெண்டு வருஷம்.

“இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா, அடுத்த தடவை எனக்கும் மூட்டு வலி வந்திரும்ப்பா, மெதுவாத்தான் நடந்து வரணும்,”ன்னா பிலோமி.

இதுல மாப்பிள்ளையோட மாமி எர்மலின் ஒரு கண்டிஷன் போட்டுட்டா. தாயில்லாப் பிள்ளைய வளத்தவ அவதான், அவ பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. “எங்க குடும்பத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் நூல் பிடிச்சாப்ல நேராத்தான் நடப்போம். எங்க அண்ணன் கூட்டமா இருக்குன்னு ஒரு தூணச் சுத்தி வந்தான். மூணாம் மாசமே பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. வளைஞ்சு வந்தா கல்யாணம் கிடையாது. சொல்லிட்டேன்.”

“நேரா வர்றதுல என்ன இருக்கு? வாசலும் பீடமும் நேராத்தான இருக்கு,”ன்னு தொம்மந்திரை சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாரு. சிரிச்சது அதோட சரி.

பாஸ்குக்கு முந்தி நாப்பது நாள் தவக்காலம் தொடங்குத விபூதிப் புதன் அன்னைக்கு சென்னைலருந்து ஒரு பொண்ணு வந்து இறங்குச்சு. பேரு தாரிணி. பழைய கோயில், பழைய கோட்டை, இந்த மாதிரி எடத்துல கொஞ்ச நாளைக்குப் புதுசா ஒரு கலைய வச்சுட்டு அப்புறம் எடுத்துட்டுப் போறதுதான் அதுக்கு வேலையாம். பங்குச் சாமியாருக்கு முந்தியே கடுதாசி போட்டு அனுமதி வாங்கியிருந்துச்சு. சாமியாருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேஷன் பாஸ்குக்கு அப்புறந்தான். வெள்ளையா ஒரு தாள் வந்திருக்குன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சுது. ‘நல்ல காரியம்’னு கையெழுத்துப் போட்டுட்டாரு.

தாரிணி நம்ம உப்பளத்துலருந்தே ஒரு லாரி உப்பு வாங்கி, கோயில் நட்டநடுவுல, வாசலுக்கும் பீடத்துக்கும் சரியா மத்தியில, ஆள் உயரத்துக்கு ஒரு மலை குவிச்சுது. மேல விட்டத்துலருந்து ஒரு செம்புப் பானையத் தொங்கவிட்டுச்சு. பானைக்கு அடியில ஊசிமுனைக்கு ஒரு ஓட்டை. சொட்டு… சொட்டு… சொட்டுன்னு தண்ணி மலையோட தலையில விழுது. கோயில் கழுவுத தண்ணி வெளிய போக அந்தக் காலத்துக் கல் வாய்க்கால் ஒண்ணு தரையில உண்டு. கரைஞ்ச உப்பு அது வழியா வெளிய போயிரும்.

நம்ம கமிட்டி நாலு பேரையும் நிக்க வச்சு தாரிணி சொல்லுச்சு: “நல்லா கேட்டுக்கோங்க ஐயா. இதை உங்க சொந்த உப்பு மாதிரி பாத்துக்கணும். யாரும் தொடக்கூடாது. இந்தத் தவக்காலம் முடியறதுக்குள்ள இது தானா கரைஞ்சிடும். கரையறதுதான் இதுல கலை. பாஸ்கு முடிஞ்ச திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் வருவேன். இந்த இடத்துல ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாத இடத்தைப் பாக்கத்தான் வருவேன்.”

கஸ்பார் செருமுனாரு. க்ஹும், க்ஹும், க்ஹும். “ஒண்ணுமில்லாததப் பாக்க எதுக்குத் தாயி அவ்வளவு தூரத்துலருந்து வரணும்? உங்க ஊர்ல கிடைக்காதா?”

“கிடைக்கறதில்லைங்க ஐயா,”ன்னு சிரிச்சுட்டு தாரிணி கார்ல ஏறிப் போயிருச்சு.

“பாவம், பட்டணத்துல எங்க பாத்தாலும் என்னமாவது ஒண்ணு கெடக்குமாம்லா,”ன்னா கித்தேரி அக்கா.

தொம்மந்திரை விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு. பத்து மணிக்கு எடம் காலி. பதினோரு மணிக்குக் கல்யாணம். நடுவுல ஒரு மணி நேரம், ஈரத்தத் தொடைச்சு விரிப்பு விரிக்கப் போதும். நிம்மதியா வீட்டுக்குப் போனாரு.

மறுநாள் காலைல லெயோன் கோயிலுக்குள்ள வந்தவரு, மலைய நிமிந்து பாத்தாரு, பானையப் பாத்தாரு, அப்படியே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டாரு. முப்பது வருஷம் உப்ப மழைலருந்து காப்பாத்துன மனுஷன். உப்பு மேல தண்ணி சொட்டுதத அவரால பாக்க முடியுமா?

உடனே கமிட்டி கூடிருச்சு.

“தலைவரே, அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? தானா கரையணும்னுச்சு. இப்ப கரைக்கது யாரு? பானை!”ன்னாரு லெயோன்.

கஸ்பார் ரொம்ப நேரம் பானையப் பாத்தாரு. க்ஹும், க்ஹும், க்ஹும். “ஆமா வே. நான் தானா எந்திரிக்கேன்னா, நீரு என் மூஞ்சில தண்ணி தெளிச்சா எழுப்புவீரு? அது நானா எந்திரிச்சதுல சேருமா?”

“சேராது,”ன்னாரு தொம்மந்திரை.

“பானைய அடைச்சிரு.”

தொம்மந்திரை ஏணி போட்டு ஏறி, மெழுகுவத்திய உருக்கி ஓட்டைய அடைச்சாரு. எதுக்கும் இருக்கட்டும்னு பானைத் தண்ணியையும் இறைச்சு வெளிய ஊத்திட்டாரு. மலை நிம்மதியா மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சுன்னு லெயோன் சொன்னாரு.

ஆனா லெயோன் அதோட நிக்கல. “சொந்த உப்பு மாதிரி பாத்துக்கச் சொல்லியிருக்கு. நம்ம சொந்த உப்ப நாம எப்படிப் பாப்போம்? அம்பாரமாக் குவிச்சு இப்படி மொட்டையா விட்டுட்டுப் போவமா? கடக்காத்து வேற உள்ள வருது. ஈரக்காத்து பட்டா உப்பு வேர்த்துரும்.”

“காத்து படுததும் தொடுததுதான,”ன்னாரு கஸ்பார்.

ஜன்னல எல்லாம் அடைச்சாங்க. உப்பளத்துலருந்து பனையோலையக் கொண்டுவந்து, கை படாம கம்பால தள்ளித் தள்ளி, மலைய அடிலருந்து நுனி வரைக்கும் கூரை மாதிரி மூடுனாங்க. உச்சில மட்டும் ஒரு சாண் வெள்ளையாத் தெரியும். காத்து வராததால பூசைக்கு வந்த சனம் வேர்த்து ஒழுகுச்சு. உப்பு ஒரு சொட்டு வேர்க்கல.

அந்த ஞாயித்துக்கிழமைதான் கித்தேரி அக்காவுக்கு விஷயம் விளங்குச்சு.

நம்ம பக்கத்துக் கோயில்ல ஒரு வழக்கம் உண்டுலா. உடம்புல மரு வந்தா, மாதாவுக்கு ஒரு கை உப்பும் மிளகும் நேர்ச்சையாப் போடுவோம். உப்பு கரைய கரைய மருவும் கரைஞ்சிரும். சின்ன மருன்னா ஒரு சிட்டிகை. பெரிய மருன்னா ஒரு கை. கித்தேரி அக்கா முழங்கால் போட்டு செபம் சொல்லிக்கிட்டே அந்த மலையப் பாத்தா. ஒரு லாரி உப்பு. கையில இருந்த செபமாலை நின்னுபோச்சு.

“ஐயோ மாதாவே!”ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. “ஒரு லாரி உப்பு நேர்ந்திருக்கே, அந்தப் பிள்ளைக்கு எம்புட்டுப் பெரிய மரு வந்திருக்கும்!”

பூசைக்கு வந்த சனமெல்லாம் அவளச் சுத்திக் கூடிருச்சு.

“பாக்க நல்லாத்தான இருந்துச்சு?”ன்னாரு தொம்மந்திரை.

“வெளிய தெரியுத எடத்துலயா வே வச்சிருக்கும்?”

“கரையணும் கரையணும்னு அது திரும்பத் திரும்பச் சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு,”ன்னாரு கஸ்பார். “வெக்கப்பட்டுக்கிட்டு கலை கிலைன்னு சொல்லியிருக்கு. பாவம்.”

உவர்மேட்டுக்காரங்களுக்கு மூளையப் பத்தி என்ன வேணா சொல்லுங்க, மனசப் பத்தி ஒரு வார்த்தை சொல்லப்பிடாது. அன்னைக்கே ஊர் கூடி முடிவு பண்ணிருச்சு. நம்மள நம்பி வந்த பிள்ளை. அதோட நேர்ச்சையில நம்ம பங்கும் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு ஓலைக் கொட்டான் நிறைய உப்பு. தொடாம தூரத்துலருந்து வீசிப் போட்டாங்க. ஓலைய விலக்கி, போட்டு, திரும்ப மூடுனாங்க. பக்கத்து ஊர்க்காரங்களுக்குத் தகவல் போச்சு. அவங்க வந்து சொந்த மருவுக்கும் சேத்துப் போட்டாங்க. மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை வேன் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. மரு இல்லாதவங்க, இனிமே வராம இருக்கட்டும்னு போட்டாங்க. மலை பிரசங்க மேடை உயரத்துக்கு வந்துருச்சு.

நடுவுல கித்தேரி அக்காவோட ஆடு ஒண்ணு பக்கவாசல் வழியா உள்ள வந்து, ஓலைய முட்டித் தள்ளி, உப்ப நக்கிருச்சு. ஆட்டுக்கு உப்புன்னா உசிரு. கஸ்பார் கையும் களவுமா பிடிச்சுட்டாரு. பிடிச்சுட்டாருன்னா, தொடல. முன்னால போயி நின்னாரு.

“தொட்டுருச்சு,”ன்னாரு லெயோன்.

“நாக்காலதான் தொட்டுச்சு,”ன்னா கித்தேரி அக்கா. “வாயில்லாச் சீவன்.”

“வாயில்லாமயா நக்குச்சு?”

கஸ்பார் செருமுனாரு. “விஷயம் அதுல்ல. மலையில கொஞ்சம் இப்ப ஆட்டுக்குள்ள இருக்கு. அப்ப ஆடும் மலையில சேந்தது. மலைய யாரும் தொடக்கூடாது. அதனால ஆட்டையும் யாரும் தொடக்கூடாது. மலைய கோயிலுக்கு வெளிய கொண்டுபோகவும் முடியாது.”

“நான் பால் கறக்கணுமே!”ன்னா கித்தேரி அக்கா.

“பாஸ்குக்கு அப்புறம் கறந்துக்கிடலாம்.”

அன்னைலருந்து ஆடு கோயிலுக்குள்ளதான். வேளாவேளைக்கு அகத்திக்குழை வந்துச்சு, குட்டி வந்து பாலக் குடிச்சுட்டுப் போச்சு. மிச்ச நேரம் ஆடு மலைய நக்கிக்கிட்டிருந்துச்சு. உள்ளதச் சொல்லணும்னா, தாரிணி சொன்ன வேலைய அந்தக் கோயில்லயே ஒழுங்காச் செஞ்சது அது ஒண்ணுதான்.

நாலாவது வாரம் தாரிணி போன் பண்ணுச்சு. “ஐயா, மலை எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு தாயி. நாளுக்கு நாள் நல்லா வருது,”ன்னாரு கஸ்பார்.

“மக்கள் வந்து பாக்கறாங்களா?”

“பாக்கதா? சுத்துப்பட்டு பூரா வந்து கைகொடுக்கு. நீ ஒண்ணும் கவலப்படாத. உனக்கு எப்படி இருக்கு? வலி கிலி இருக்கா?”

தாரிணிக்கு நெஞ்சு நெகிழ்ந்து போச்சு. “படைப்புன்னாலே வலிதானே ஐயா,”ன்னுச்சு.

கஸ்பார் போன வச்சுட்டுக் கண்ணத் தொடைச்சாரு. “வலி இருக்காம்.” ஊர் அன்னைக்கு இன்னும் பத்து மூட்டை உப்பு போட்டுச்சு.

தொம்மந்திரைக்கு மட்டுந்தான் தூக்கம் போச்சு. தெனமும் காலைல ஒரு கம்ப எடுத்து மலையோரம் நிறுத்தி அளந்து பாப்பாரு. கம்பு குட்டையாகிக்கிட்டே போச்சு. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. மலை இப்ப அந்தப் பக்க பெஞ்சு, இந்தப் பக்க பெஞ்சு எல்லாத்தையும் முழுங்கி, தூண் வரைக்கும் வந்துருச்சு. போகணும்னா தூணச் சுத்தித்தான் போகணும்.

“கடைசி நாள்ல ஒரேயடியாக் கரையும் போல,”ன்னு அவருக்கு அவரே சொல்லிக்கிட்டாரு.

“ஆமாப்பா,”ன்னா பிலோமி. “சாமியாரு ‘சம்மதமா’ன்னு கேக்கும்போது நான் மலைக்கு இந்தப் பக்கம் நின்னு சம்மதம்னு கத்துதேன். அவரு அந்தப் பக்கம் நின்னு யாரு கத்துதான்னு கேக்கட்டும்.”

பாஸ்குக்கு முந்தின வாரம் எர்மலின் மாமி கோயிலப் பாக்க வந்தா. வாசல்ல நின்னு பாத்தா. பீடம் தெரியல. ஓலை போட்ட ஒரு மலை தெரிஞ்சுது. அது மேல ஒரு ஆடு நின்னு மாமியப் பாத்துச்சு.

“இது என்னது?”

“இது சீக்கிரம் ஒண்ணுமில்லாம போயிரும் மைனி,”ன்னாரு தொம்மந்திரை.

“திங்கக்கிழமை பதினோரு மணிக்கு நூல் பிடிச்சாப்ல வழி இருக்கணும். இல்லாட்டி மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு நேரா ரயிலடிக்குப் போயிருவேன். அதுவும் நேராத்தான் போவேன்,”ன்னு சொல்லிட்டு மாமி திரும்பிட்டா.

கமிட்டி அன்னைக்கே கூடிச்சு. தொம்மந்திரை அழுதுட்டாரு.

“உப்ப அள்ளி வெளிய போட்டுருவமா?”ன்னு அழுகையோட கேட்டாரு.

“தொடக்கூடாது,”ன்னாரு கஸ்பார்.

“தண்ணி ஊத்திக் கரைச்சுருவமா?”

லெயோன் எந்திரிச்சே நின்னுட்டாரு. “உப்புல தண்ணி ஊத்துததா? இந்தா பாரும், நீரும் உப்பளத்து வீட்டுலதான் பொண்ணு எடுத்தீரு. ஞாபகம் இருக்கட்டும்.”

“அந்தப் பிள்ளை மருவ நினைச்சுப் பாரும்,”ன்னா கித்தேரி அக்கா.

“அப்ப என் மக கதி?”

கடைசில கஸ்பார் செருமுனாரு. க்ஹும், க்ஹும், க்ஹும். “மாமி என்ன சொன்னா? வளையக்கூடாதுன்னா. சரிதான? இடதுபக்கம் வளையக்கூடாது, வலதுபக்கம் வளையக்கூடாது. மேல ஏறக்கூடாதுன்னு சொன்னாளா?”

எல்லாரும் யோசிச்சாங்க. மாமி அப்படிச் சொல்லல.

நாலே நாள்ல பாலம் ரெடி. வெள்ளையடிக்கச் சாரம் கட்டுத கம்ப ரெண்டு பக்கமும் நட்டு, உப்புக்கூடை சுமந்து ஏறுத பலகைய அடுக்கி, வாசப்பக்கம் படி ஏறி, மலை உச்சிக்கு ஒரு சாண் மேலயே போயி, பீடத்துப் பக்கம் படி இறங்குத மாதிரி கட்டுனாங்க. ஒரு பலகை, ஒரு ஆணி மலையத் தொடல. கஸ்பார் வாசல்ல நூலப் பிடிச்சாரு, லெயோன் பீடத்துல நூலப் பிடிச்சாரு. நூலு மாதிரி நேரா இருந்துச்சு. மாமி வந்து பாத்தா. ஏற இறங்கப் பாத்தா. குத்தம் சொல்ல ஒண்ணும் கிடைக்கல. “நேராத்தான் இருக்கு,”ன்னு ஒத்துக்கிட்டா.

தொம்மந்திரை நாப்பது நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாரு.

திங்கக்கிழமை வந்துச்சு. ஒம்பதரைக்கே கோயில் நிறைஞ்சுருச்சு. பொண்ணு வீட்டுச் சனம், மாப்பிள்ளை வீட்டுச் சனம், எல்லாம் உப்பளத்துச் சனம். பிலோமி வெள்ளைப் பட்டுச்சேலையில வாசல்ல நிக்கா. கிளாட்வின் கோட்டு சூட்டுல நிக்கான். சாமியாரு பீடத்துல நின்னுக்கிட்டு, முன்னால ஒசரத்துல வெள்ளையாத் தெரிஞ்ச மலை உச்சியப் பொண்ணுன்னு நினைச்சு, “எம்புட்டு ஒசரமா வளந்துட்டா!”ன்னு ஆச்சரியப்பட்டுக்கிட்டிருந்தாரு.

அப்பத்தான் இடி இடிச்சுது.

பங்குனி வெயில்ல யாரும் எதிர்பாக்காத இடி. கோயில்ல இருந்த முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்துல முதுகெலும்பு நிமிந்துச்சு. உப்பளத்துக்காரனுக்கு இடி கேட்டா மூளை வேலை செய்யாது, காலுதான் வேலை செய்யும். லெயோன் ஒரே கத்து கத்துனாரு: “ஏலே, மழை! உப்ப வாருங்கலே!”

அவ்வளவுதான். யாருக்கும் கல்யாணம் ஞாபகமில்ல. ஓலையப் பிச்சு ஒரு ஓரமா வீசுனாங்க. நாலு பேரு உப்பளத்துக்கு ஓடி, உப்பு வாருத வாருபலகையும் கூடையும் கொண்டாந்தாங்க. பிலோமி சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு பலகையப் பிடிச்சா. மாப்பிள்ளை கோட்டக் கழட்டி அதுல உப்பக் கட்டுனான். எர்மலின் மாமி தலையில சும்மாடு சுத்தி, “தூக்கி விடுங்கடி!”ன்னு கூடைக்குக் குனிஞ்சா. முந்நூறு பேரும் வரிசையா நின்னு, கோயிலுக்குள்ள காஞ்சு கெடந்த உப்ப வாரி வாரி, மழை வந்தா வழக்கமா எங்க கொண்டுபோயி அம்பாரம் போடுவாங்களோ அந்த மேட்டுக்குக் கொண்டுபோனாங்க. மேடு எங்க இருக்கு? வெளிய, திறந்த வெளியில.

மழை சோன்னு ஊத்துச்சு. ஊத்த ஊத்த இவங்க வேகமா வாருனாங்க. வேகமா வார வார வெளிய வேகமாக் கரைஞ்சுது.

“ஓலையக் கொண்டா, மூடு!”ன்னு ஒருத்தன் கத்துனான்.

“அறிவிருக்கா? இந்த மழையில வெளிய எடுத்தா ஓலை நனைஞ்சிரும்லா!”ன்னு லெயோன் அவன அதட்டி, ஓலையக் கோயிலுக்குள்ளயே பத்திரமா வச்சுட்டாரு.

ஆடு மட்டும் மெதுவா நடந்துபோயி, பிரசங்க மேடையில ஏறி நின்னு எல்லாரையும் பாத்துச்சு. அன்னைக்கு உவர்மேட்டுல நனையாம இருந்தது சாமியாரும் அதுவும்தான்.

பத்தே முக்காலுக்கு மழை நின்னுச்சு. மேட்டுல ஒரு கல் உப்பு இல்ல. எல்லாம் கடலுக்குப் போயிருச்சு. முந்நூறு பேரும் சொட்டச் சொட்ட கோயிலுக்குள்ள வந்து நின்னு பாத்தாங்க. நடுவுல தரை பளபளன்னு காலியாக் கெடந்துச்சு.

“யாரும் கையால தொடலியே?”ன்னு கஸ்பார் மெல்லக் கேட்டாரு.

“வாருபலகைதான் தொட்டுச்சு,”ன்னாங்க எல்லாரும்.

அந்த நேரம் பாத்து தாரிணியோட கார் வந்து நின்னுச்சு. மழையில வழியில மாட்டிக்கிச்சாம். ஓடி வந்த பிள்ளை, வேற எதையும் நிமிந்து பாக்கல, காலி எடத்தத்தான் பாத்துச்சு. வாயப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. “இதுதான்… நான் நினைச்சது இதேதான். ஒரு கல் கூட மிச்சமில்லாம! எப்படி ஐயா இவ்வளவு சுத்தமா?”

கித்தேரி அக்கா அது காதுக்கிட்டப் போயி, “போயிருச்சா தாயி?”ன்னு கேட்டா.

“எல்லாம் போயிருச்சும்மா!”ன்னு தாரிணி அக்காவக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. அக்காவும் அழுதா. ஊரே மாதாவுக்கு நன்றி சொல்லுச்சு.

அப்புறம் தாரிணி கண்ணத் தொடைச்சுக்கிட்டு கமிட்டிப் பக்கம் திரும்புச்சு. “ஐயா, ஒரே ஒரு உதவி. நாளைக்குக் காலைல இதைப் பாக்க வெளியூர்லருந்து ஆட்கள் வர்றாங்க. அதுவரைக்கும் இந்த ஒண்ணுமில்லாத இடத்தை இப்படியே பாத்துக்கோங்க. யாரும் கால் வச்சிடாம.” சொல்லிட்டு கேமரா எடுக்க காருக்கு ஓடிருச்சு.

கமிட்டி நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க.

“ஓலை போட்டு மூடிரவா?”ன்னாரு லெயோன். “ஈரக்காத்து வருது. இருக்கது ஒரே ஒண்ணுமில்லாதது, அதுவும் கரைஞ்சுபோச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல?”

“மணி பதினொண்ணு!”ன்னு தொம்மந்திரை அலறுனாரு. “என் மக எப்படி வே அந்தப் பக்கம் போவா?”

க்ஹும், க்ஹும், க்ஹும். கஸ்பார் கைய நீட்டிக் காமிச்சாரு. காலி எடத்துக்கு மேல, மூணு ஆள் உயரத்துல, பாலம் அப்படியே நின்னுக்கிட்டிருந்துச்சு.

ஆர்மோனியம் வாசிச்சாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் நனைஞ்ச துணியோட கையப் பிடிச்சுக்கிட்டு, வாசப்பக்கப் படியில ஒவ்வொண்ணா ஏறுனாங்க. பின்னால எர்மலின் மாமி நூலப் பிடிச்சுக்கிட்டு ஏறுனா. அதுக்குப் பின்னால முந்நூறு பேரும் வரிசையா. பலகை கிறீச் கிறீச்சுன்னுச்சு. உச்சிக்கு வந்ததும் கிளாட்வின் நின்னு, கீழ எட்டிப் பாத்தான். இடதுபக்கம் பாத்தான், வலதுபக்கம் பாத்தான்.

“மாமா, கீழதான் ஒண்ணுமே இல்லியே!”ன்னான்.

“அதத்தான் மாப்ள சொல்லுதோம்,”னு கீழருந்து கஸ்பார் பதறிப்போய்க் கத்துனாரு. “மிதிச்சிராதீரும்!”